கண்ட எண், எழுதிய எண்

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைய தவறு சிறியது. பிற்பகல் இரண்டு மணிக்கு மீட்டரின் முள் பதினைந்தரையில் நின்றதைப் பார்த்தேன். பதிவேட்டில் பதினைந்து என்று எழுதினேன்.

டீச்சர் எழுதச் சொல்லியிருப்பவை நான்கு: செய்த வேலை, செய்த தவறு, அதற்குக் காரணம், நாளைய வேலை. மாலை வகுப்பில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் படிப்புக்குச் சேர்ந்திருக்கும் பன்னிரண்டு பேரும் இப்படி ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளிகளில் டீச்சர் பக்கங்களைப் புரட்டிப் பச்சை மையில் கையெழுத்தும் தேதியும் போடுவார். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதப் போனேன். அது பொய். நான் கவனமாகத்தான் பார்த்தேன்.

வேலையை முதலில் எழுதிவிடுகிறேன். மீனை உறைய வைத்துப் பொட்டலம் கட்டும் குளிர்கிடங்கு. நான் இருப்பது இயந்திர அறை. கம்ப்ரஸர் அமோனியா வாயுவை அழுத்தி அனுப்பும். அது ஒரு தடித்த குழாயில், பொட்டலம் கட்டும் கூடத்தின் ஓரமாகப் போய், மாடியில் இருக்கும் கண்டன்சரில் குளிர்ந்து திரும்பும். அந்தக் குழாயின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் சுவரில் உயரத்தில் இருக்கிறது. பதினாறில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணைப் பார்த்து எழுத வேண்டும்.

சுவரில் விதிப் பலகை தொங்குகிறது: 'இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். எண்கள் மாறுபட்டால் இரண்டையும் எழுத வேண்டும்.' நடைமுறை வேறு. நான்கு படி ஏணியில் ஏறி ஒருவர் எண்ணைச் சொல்வார். ஏணியில் ஏறுவதால் அவருக்குப் பைலட் அண்ணன் என்று பெயர். மேசையில் இருக்கும் நான் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "போடு" என்பார். நான் எழுதுவேன். எனக்கு முன்பு எழுதியவர்களும் இப்படியே செய்தார்களாம்.

"பதினஞ்சு."

"பதினஞ்சு."

"போடு."

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "அண்ணே, பதினஞ்சரை மாதிரி இருந்துச்சு."

"கீழ இருந்து பாத்தா எல்லாம் கூடத்தான் தெரியும் தங்கச்சி. கீழ இருந்து பாத்தா என் தலையில முடிகூட நிறைய இருக்கும்."

சிரித்துவிட்டேன். காரணம்: சிரித்துவிட்டேன்.

நாளைய வேலை: ஏணியில் ஏறி ஒரு தடவை நானே பார்ப்பது.

ஏப்ரல் 9, புதன்

வகுப்பு தொடங்க இருபது நிமிடம் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பைலட் அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஏணியில் ஏறினேன். ஏணியிலிருந்து பதினான்கு. இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், பதினான்கு. பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தடவை சோதித்தேன். மேலிருந்தும் கீழிருந்தும் பதினைந்தரை. ஆக, கீழிருந்து பார்த்தால் கூடத் தெரியும் என்பது சரியில்லை.

இது தெரிந்த பிறகும் இரண்டு மணிக்கு அவர் "பதினஞ்சு" என்றார், நானும் "பதினஞ்சு" என்றேன். முள் பதினாறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒன்றைக் கவனித்தேன், அதை எழுதி வைக்கிறேன். அவர் சொல்வதைக் கேட்கும்போது என் கண் கண்டது அப்படியே மனதில் இருக்கிறது. அவர் சொன்ன எண்ணை நானே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மங்குகிறது. எழுதி முடித்ததும், பதினைந்துதான் இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. இது எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. வகுப்பு முடிந்து இதைச் சேர்க்கிறேன்: டீச்சரிடம் கேட்க நினைத்தேன். அவர் பன்னிரண்டு நோட்டுகளிலும் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாளைய வேலை: வெயில் நேர எண்களை இந்த நோட்டில் தனியாகக் குறிப்பது.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று இரண்டு மணி: கண்டது 16, எழுதியது 15. இன்று: கண்டது பதினாறேகால், எழுதியது 15.

மதியம் அக்காவோடு சாப்பிட்டேன். அக்கா ஆறு வருடமாகப் பொட்டலம் கட்டும் கூடத்தில் இருக்கிறாள். அவள் மேனேஜரிடம் நான்கு தடவை போய் நின்றுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அவளுடைய மேசை கடைசி மேசை, குழாய்க்கு நேர் கீழே. பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் ரேடியோ என்பார்கள். காலையில் கையுறை மாட்டும்போது பேசத் தொடங்கினால் மாலையில் கழற்றும்போதுதான் நிறுத்துவாள்.

"வாடி ரசீது," என்றாள். நான் எதைக் கேட்டாலும் எழுதி வைப்பதால் எனக்கு இந்தப் பெயர். "இன்னிக்கு எத்தனை தும்மல் போட்டேன்னு எழுதிக்க. உங்க குழாய் மூக்கை அரிக்குது."

"வாடை வருதா?"

"வாடையா? எனக்கு மீன் நாத்தமே தெரியல. அப்படீன்னா பாத்துக்க."

அக்கா அவளை இடித்தாள். "சும்மா இருடி. அவ போய் எழுதி வச்சுடுவா."

மேனேஜர் மூன்று மணிக்கு இயந்திர அறைக்கு வந்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதற்கும் "மெதுவா, மெதுவா" என்பார். அதனால் மெதுவா சார். மாடியில் கண்டன்சர் குழாய்களில் உப்புப் படிந்துவிட்டது, வாயு சரியாகக் குளிராததால்தான் அழுத்தம் ஏறுகிறது என்று பைலட் அண்ணன் சொன்னார். சுத்தம் செய்ய ஒன்றரை நாள் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருக்கும் சரக்கு இளகிவிடும்.

"பத்தொம்பதாம் தேதி கப்பல். அது போகட்டும்," என்றார் சார். "அதுவரைக்கும் பதினஞ்சு, அவ்வளவுதானே?"

"பதினஞ்சுதான் சார்," என்றார் அண்ணன்.

அவர்கள் பொய் சொல்லிக்கொண்டது போலத் தெரியவில்லை. சுகமா என்று ஒருவர் கேட்க, சுகம் என்று மற்றவர் சொன்னது போலிருந்தது.

காரணம் எழுத வேண்டும். பயமா? யாரும் மிரட்டவில்லை. மரியாதை என்று எழுதினால் பாதி சரி.

நாளைய வேலை: விடுப்பு நாள். துணி துவைப்பது. வகுப்புப் பாடம் இரண்டு.

ஏப்ரல் 14, திங்கள்

இரண்டு மணி: கண்டது 17. ஏணியில் ஏறியும் பார்த்தேன். 17. எழுதியது 15.

இன்று வகுப்பில் பாடமே இதுதான்: அளவு தவறினால் செய்ய வேண்டியவை. முதலில் குரல் கொடு, பிறகு எழுது, பிறகு நிறுத்து. நான் அதை மூன்று வரியாக எழுதி அடிக்கோடிட்டேன். பரீட்சையில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவேன்.

நாளைய வேலை: பதினேழு என்றால் பதினேழு என்று சொல்வது.

ஏப்ரல் 15, செவ்வாய்

வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

இரண்டு மணி. பைலட் அண்ணன் ஏறினார். "பதினஞ்சு."

"பதினேழு," என்றேன்.

இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. "பதினஞ்சு," என்றார் மறுபடி.

"பதினேழு அண்ணே."

ஏணியிலேயே திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்துப் பயந்தது போலிருந்தது. இறங்கி வந்து துணியில் கை துடைத்தார். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நீங்களே பாத்தீங்க. ரெண்டு பேரும் பாத்ததை எழுதணும்னு பலகையில இருக்கு. உங்களுது பதினஞ்சு, என்னுது பதினேழு. ரெண்டையும் எழுதறேன்."

"அந்தப் பலகையை நீதான் முதல் தடவையா படிக்கிற," என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. பிறகு போனை எடுத்தார்.

மெதுவா சார் ஐந்து நிமிடத்தில் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். "உக்காரும்மா, உக்காரு," என்றார்.

"எழுதும்மா," என்றார் பிறகு.

"சார், பதினேழு இருக்கு."

"இருக்கட்டும். வெயில். சாயங்காலம் இறங்கிடும். நிறுத்துனா எத்தனை பேர் வேலை நிக்கும்னு உனக்குத் தெரியும். உங்க அக்காவும் அதுல ஒருத்தி. எழுதும்மா."

"கோட்டைத் தாண்டிடுச்சு சார்."

"கோடு போட்டவன் கொஞ்சம் முன்னாடியே தள்ளித்தான் போட்டிருப்பான். பயப்படாத. எழுதும்மா."

நான் மீட்டரையே பார்த்தேன்.

"இதோ பாரு. பொறுப்பு என்னுது. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க. உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. இப்ப எழுதும்மா."

நான்கு தடவை. எண்ணினேன். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை.

பதிவேட்டில் மேனேஜர் கையொப்பம் என்று ஒரு கட்டம் உண்டு, எப்போதும் காலியாக இருக்கும். "அப்ப இதுல நீங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்," என்றேன். கேட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

"போடறேன்மா. பேனா மேல ரூம்ல இருக்கு. நீ எழுது."

என் கையில் பேனா இருந்தது. அதை அவரிடம் நீட்டவில்லை. குனிந்து பதினைந்து என்று எழுதினேன்.

"நல்ல பொண்ணு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கட்டம் காலியாகவே இருக்கிறது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மதியம் முழுவதும் மார்பில் இருந்த கனம் இறங்கிவிட்டது. பொறுப்பு என்னுது என்று அவர் சொன்னபோது ஒரு மூட்டையை அவர் வாங்கி வைத்துக்கொண்டது போலிருந்தது.

அக்கா கேட்டாள், "என்னடி, சார் கீழ வந்தாராமே?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

நாளைய வேலை:

ஏப்ரல் 16, புதன்

தவறு எதுவும் இல்லை. பார்க்கவில்லை.

மேலே எழுதியதை விளக்க வேண்டும். பைலட் அண்ணன் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன், எழுதினேன். கழுத்தைத் திருப்பவில்லை. பார்க்காவிட்டால் கண்டதும் எழுதியதும் மாறாது.

டீச்சர் நேற்றைய பக்கத்திலும் இன்றைய பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். 'பார்க்கவில்லை' என்ற சொல்லின் மேலேயே பச்சை மை ஓடியிருக்கிறது.

நாளைய வேலை: வழக்கம்போல.

ஏப்ரல் 19, சனி

இரண்டு நாள் எழுதவில்லை. வரிசை விட்டுப்போனால் தவறு என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

வியாழன், இரண்டு மணி. "பதினஞ்சு." "பதினஞ்சு." "போடு." நான் திரும்பவில்லை. முள் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. இதை எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் இதுதான்.

இரண்டு நாற்பதுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சீறல். தகர டப்பாவை இழுத்துக் கிழித்தது போல. பொட்டலம் கட்டும் கூடத்தில் குழாய் இணைப்பின் வாஷர் பிய்த்துக்கொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்பது மட்டும். பைலட் அண்ணன் ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு போய் வால்வை மூடினார். இரண்டு கையும் வெந்துவிட்டது. அவர் மூடாவிட்டால் இன்னும் பலர் போயிருப்பார்கள். இதையும் எழுத வேண்டும், இதுவும் நடந்தது.

அமோனியா ஈரத்தைத் தேடும் என்று பாடத்தில் இருக்கிறது. கூடத்தில் எல்லோருடைய ஏப்ரனும் கையுறையும் சட்டையும் ஈரம். கண்ணும் தொண்டையும் ஈரம்.

ரேடியோ நேற்று காலை இறந்தாள். கடைசி ஒரு நாள் அவளால் பேச முடியவில்லை என்று அவள் புருஷன் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் தன்னை நம்பமாட்டார்கள் என்பது போல எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள், இன்று அவிழ்த்தார்கள். பார்வை இருக்கிறது. குரல் காற்றாக வருகிறது. அவளுக்குத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

கப்பல் இன்று போனதா என்று தெரியவில்லை. இதை ஏன் யோசித்தேன் என்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மெதுவா சார் எல்லோரையும் ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். அதற்கு ஒரு வாக்குமூலம் டைப் செய்து வைத்திருந்தார்கள். எனக்கானது ஐந்து வரி. 'பதினேழாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு மீட்டர் 15 காட்டியதை என் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தேன். அதற்கு முந்தைய நாட்களிலும் அளவு வரம்புக்குள் இருந்தது.'

"வாஷர்ல குறை. கம்பெனிக்காரன் குறை. நம்ம யார் மேலயும் தப்பு இல்ல," என்றார் சார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது. "நீதான் பாக்கி. எல்லாரும் போட்டாச்சு."

"சார், பொறுப்பு உங்களுதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதனாலதான் இதை நானே தயார் பண்ணிருக்கேன்," என்றார். இந்தத் தடவை பேனாவை அவர்தான் நீட்டினார்.

படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். மறுத்துப் பேசவில்லை. தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான்.

வாசலில் பைலட் அண்ணன் நின்றிருந்தார். இரண்டு கையும் கட்டுக்குள். பீடியை அவர் வாயில் வேறொருவர் வைத்துவிட வேண்டியிருந்தது. நான் வைத்தேன்.

"போட்டியா?"

"இல்லண்ணே."

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் தங்கச்சி." புகையை மூக்கு வழியாக விட்டார். "யோசிச்சுப் பாத்தேன். மேல சொன்னாங்க. நான் சொன்னேன். நீ எழுதுன. இதுல யாரு பண்ணுனா, சொல்லு?"

"மூணு பேரும்."

அவர் நான் வேறு ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்தார். பீடியைத் துப்பிவிட்டு, "அன்னிக்குப் பதினெட்டு," என்றார். "ரெண்டு மணிக்கு. உனக்குத் தெரியணும்ல." பிறகு, "அங்க வந்து இதை நான் சொல்ல மாட்டேன்," என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாக்குமூலத்தைக் காட்டுவதற்கு முன்பே கிசுகிசுத்தாள், "போட்டுடு. நானும் போட்டுட்டேன். உன்னை அங்க சேத்துவிட்டவ நான்."

"உன்கிட்ட எப்படி வாங்கினாங்க?"

"இங்கயே வந்தாங்க. பழம் வாங்கிட்டு வந்தாங்க." பழம் அங்கேயே இருந்தது. அவளால் அதை விழுங்க முடியாது. "அடுத்த மாசம் தெம்பு வந்ததும் வரச் சொல்லிருக்காங்க. திங்கக்கிழமை இயந்திரம் ஓடும்."

"கண்டன்சரைச் சுத்தம் பண்ணிட்டாங்களா?"

அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். காலையில் மாடிப்படியைப் பார்த்தேன். யாரும் ஏறவில்லை. புது வாஷர் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

"எந்த மேசைக்கா?"

"அதேதான். வேற எது?"

அப்போது சொன்னேன். பதினைந்தரையில் தொடங்கி எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். தேதியோடு சொன்னதால் அழாமல் சொல்ல முடிந்தது.

கடைசியில் அக்கா கேட்டாள், "பதினேழு எப்பத்துல இருந்து?"

"திங்கக்கிழமைல இருந்து."

"செவ்வாய், புதன் ரெண்டு நாளும் என்கூட உக்காந்து சாப்பிட்ட." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "நோட்டுல எழுதுன. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

சார் சொன்னதற்கு இணங்கினேன், சரி. அக்காவிடம் பேசாதே என்று எந்தச் சாரும் சொல்லவில்லை. அதை நானாகவே செய்தேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடு என்று மறுபடி சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை.

நாளைய வேலை: டீச்சரைப் பார்ப்பது.

ஏப்ரல் 23, புதன்

வகுப்புக்குச் சீக்கிரம் போனேன். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டை விரித்து வைத்தேன்.

"இந்த எண்ணெல்லாம் பதிவேட்டில இல்ல டீச்சர். இதுல மட்டும்தான் இருக்கு. நான் விபத்துக்கு அப்புறம் உக்காந்து எழுதினேன்னு சொல்லுவாங்க. ஆனா பதினஞ்சாம் தேதிப் பக்கத்துல நீங்க பதினாறாம் தேதி போட்ட கையெழுத்து இருக்கு. விபத்து பதினேழு."

அவர் நின்றபடியே படித்தார். முதல் தடவையாகப் படிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டாவது பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"நான் படிக்கலம்மா," என்றார். "வெறும் கையெழுத்துதான் போட்டேன். பன்னிரண்டு நோட்டு. எல்லாரும் கவனக்குறைவு, கவனக்குறைவுன்னுதான் எழுதுவீங்க."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

"இதுல என் பேரு வருமா?"

"வரும் டீச்சர்."

டஸ்டரை மேசையில் தட்டினார். சுண்ணாம்புத் தூள் பறந்தது. வெகுநேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "படிச்சேன்னு சொல்ல மாட்டேன். அது பொய். ஆனா கையெழுத்து என்னுதுதான், தேதி நான்தான் போட்டேன். கேட்டா அதை இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

அது போதும் என்றேன்.

மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். வகுப்பு வழக்கம்போல நடந்தது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை முதலிலிருந்து படித்தேன். மற்றவர்களைப் பற்றிய பக்கங்களைப் படிக்கும்போது தைரியம் வந்தது. பதினைந்தாம் தேதியின் கடைசிப் பகுதியிலும் பதினாறாம் தேதியிலும் அது போய்விட்டது. 'நிம்மதியாக இருந்தது' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. 'பார்க்கவில்லை' என்று இருக்கிறது. அந்த இரண்டு தாளையும் எடுத்துவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். விரலால் ஓரத்தைப் பிடித்தும் பார்த்தேன். தையல் போட்ட நோட்டு. ஒரு தாளை எடுத்தால் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும், எடுத்த இடம் தெரியும். ஆனால் நான் விட்டது அதனால் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால், பதினேழு இருந்தும் இயந்திரம் ஏன் ஓடியது என்று யாருக்கும் புரியாது.

மெதுவா சார் இரண்டு தடவை போனில் கூப்பிட்டார். இரண்டாவது தடவை எடுத்தேன்.

"படிச்சிட்டியாம்மா?"

"படிச்சேன் சார்."

"போட்டாச்சா?"

"இல்ல சார். போட மாட்டேன்."

"மெதுவா யோசிம்மா. உங்க அக்கா வேலையும் இதுல இருக்கு," என்றார். முன்பு போலவே குரல் உயரவில்லை. இயந்திர அறையில் கேட்டபோது அந்தக் குரல் எப்படி இருந்ததோ, இப்போதும் அப்படியேதான் இருந்தது. அன்று போலவே எனக்கு 'சரி சார்' என்று சொல்லிவிடத் தோன்றியது. அந்த எண்ணம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தேன். அது போகவில்லை. அதோடேயே, "பதினேழு இருந்துச்சு சார்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம் இதைச் சொன்னேன். இன்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது, கட்டிலுக்கு அடியில் பையில் இருந்த அவளுடைய பழைய ஏப்ரனைக் காட்டி, எடுத்துக்கொண்டு போ என்று சைகை செய்தாள். துவைக்கவா, தூக்கிப் போடவா என்று கேட்டேன். தெரியாது என்பது போலக் கையை விரித்தாள். பை கதவருகே இருக்கிறது. இன்னும் நெடி அடிக்கிறது.

இன்றைய தவறு: போனை முதல் தடவையே எடுக்காதது.

காரணம்: பயம்.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்கு நோட்டும் கையெழுத்துப் போடாத வாக்குமூலமும் பையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. பத்து மணிக்கு விசாரணை அறை. என்னிடம் கேட்பதற்கு முன் பதினைந்தாம் தேதிப் பக்கத்தையும் பதினாறாம் தேதிப் பக்கத்தையும் நானே முழுதாக வாசித்துக் காட்டுவது. திங்கட்கிழமைக்குள் மாடியில் ஏறிக் கண்டன்சரைப் பார்க்க அதிகாரியிடம் சொல்வது.